1825 டிசம்பர் 14: செனட் சதுக்கத்தில் ஏன் அப்படியே நின்றுவிட்டார்கள்?

பொதிகைச்சாரல்:

ரஷ்ய வரலாறு என்று பேச்செடுத்தால் நம்மில் பலர் 1812-இல் நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய கதையைச் சொல்லிவிட்டு நேராக 1917-க்குப் போய்விடுகிறோம். நடுவில் ஒரு நூற்றாண்டே கிடக்கிறது. அதில் ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ரஷ்யாவின் பழைய நாள்காட்டிப்படி 1825 டிசம்பர் 14, நம் கணக்கில் டிசம்பர் 26.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாந்தர் நவம்பர் 19-இல் தெற்கே தாகன்ரோக் என்ற ஊரில் இறந்துபோகிறார். பிள்ளை இல்லை. அடுத்த தம்பி கான்ஸ்டன்டீன் வார்சாவில் இருக்கிறார். அவர் ஒரு போலந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அரியணை வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார், ஆனால் அந்தப் பத்திரத்தை ரகசியமாகப் பூட்டி வைத்துவிட்டார்கள். விளைவு, ராணுவமும் அடுத்த தம்பி நிக்கோலாயும் சேர்ந்து கான்ஸ்டன்டீனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள். அவர் அரியணை ஏறவும் இல்லை, தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து மறுக்கவும் இல்லை. மூன்று வாரம் இப்படியே ஓடியது. கடைசியில் நிக்கோலாய்க்கு மறுபடியும் பிரமாணம் எடுக்கவேண்டும் என்று டிசம்பர் 14-ஐக் குறித்தார்கள்.

பண்ணையடிமை முறையை ஒழிக்கவேண்டும், எதேச்சாதிகாரத்துக்கு ஒரு முடிவு கட்டவேண்டும் என்று 1816-லிருந்தே ரகசியச் சங்கம் வைத்திருந்த இளம் அதிகாரிகளுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. அன்று காலை செனட் என்ற பேரரசின் உயர் மன்றம் பிரமாணம் எடுப்பதைத் தடுத்து, அதன் கையாலேயே ஒரு அறிக்கையை வெளியிட வைப்பது அவர்கள் திட்டம். அடிமைமுறை ஒழிப்பு, பேச்சுரிமை, 25 வருட ராணுவச் சேவையை 15 வருடமாகக் குறைப்பது எல்லாம் அந்த அறிக்கையில் இருந்தன. காலை 11 மணி வாக்கில் மாஸ்கோ காவல் படைப்பிரிவு முதலில் வந்து, பீட்டர் பேரரசரின் வெண்கலச் சிலைக்குப் பக்கத்தில் சதுரமாக அணிவகுத்தது. பிறகு கடற்படைக் காவல் பிரிவும் கிரெனடியர் காலாட்படையினரும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 பேர். அப்புறம் என்ன செய்தார்கள்? நின்றார்கள். உறைபனிக் குளிரில், மெல்லிய சீருடையோடு, இருட்டும் வரை நின்றார்கள். நிக்கோலாய் நான்கு மடங்கு படையைத் திரட்டிப் பீரங்கியை நிறுத்தும் வரை நின்றார்கள்.

என் கருத்து இதுதான். எதிரியைவிடத் தம் பின்னால் நின்ற ஜனங்களுக்குத்தான் இந்தப் பிரபுக் குலத்து அதிகாரிகள் அதிகம் பயந்தார்கள். 1773-இல் புகச்சோவ் தலைமையில் விவசாயிகளும் கோசாக்குகளும் எழுந்து பண்ணை வீடுகளைக் கொளுத்தியது அவர்களுடைய தாத்தாக்கள் காலத்துக் கதை. மக்களுக்காகப் புரட்சி வேண்டும், ஆனால் அதில் மக்கள் கைவைக்கக் கூடாது என்று நினைத்தால் சதுக்கத்தில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் கருத்து?

இருப்புப்பாதை:

நல்ல தலைப்பு. ஆனால் காரணம் இவ்வளவு தத்துவார்த்தமானது என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் அன்று தளபதியே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

சர்வாதிகாரி என்ற பெயரோடு தலைமை தாங்க வேண்டியவர் இளவரசர் த்ருபெத்ஸ்கோய். நெப்போலியன் போரில் சண்டையிட்ட கர்னல், கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் சதுக்கத்துக்கே வரவில்லை. அன்றிரவு மைத்துனர் முறையில் இருந்த ஆஸ்திரியத் தூதர் வீட்டில் ஒதுங்கியிருந்தபோது பிடித்தார்கள். குளிர்கால அரண்மனையைக் கைப்பற்ற வேண்டிய யகுபோவிச் அன்று காலையில் முடியாது என்று சொல்லிவிட்டார். பீட்டர்-பால் கோட்டையைப் பிடிக்க வேண்டிய புலாத்தவும் வரவில்லை. இன்னொரு பக்கம், செனட் உறுப்பினர்கள் காலை ஏழு மணிக்கே பிரமாணம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆக இவர்கள் காலிக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். திட்டம் முழுவதும் செனட்டை நம்பிப் போட்டது, செனட்டே இல்லை என்றால் அடுத்து என்ன என்று யாரும் யோசித்து வைக்கவில்லை.

பொதிகைச்சாரல்:

தளபதி இல்லை என்பது சரி. ஆனால் சதுக்கத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டிருந்தார்களே. அப்போது செயின்ட் ஐசக் தேவாலயம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அங்கே வேலை செய்த தொழிலாளிகள் விறகுக் கட்டைகளையும் கற்களையும் எடுத்து நிக்கோலாயின் படைமீது எறிந்தார்கள். எங்களுக்கும் ஆயுதம் கொடுங்கள் என்று கேட்டதாகவும் நினைவுக் குறிப்புகளில் வருகிறது. யாரும் கொடுக்கவில்லை. தளபதி இல்லாததால் மட்டும் நடந்ததா இது? குதிரைப்படை திரும்பத் திரும்பப் பாய்ந்து வந்து, பனிக்கட்டித் தரையில் லாடம் வழுக்கித் திரும்பியது. அந்த நேரத்தில் கூட்டத்தையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பனோவ் என்ற லெப்டினன்டின் கதையைப் பாருங்கள். கிரெனடியர்களைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் குளிர்கால அரண்மனை முற்றத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார். உள்ளே அரச குடும்பம் முழுவதும் இருக்கிறது, பிற்காலத்தில் இரண்டாம் அலெக்சாந்தர் ஆகப்போகும் ஏழு வயதுப் பையன் உட்பட. முற்றத்தில் நிக்கோலாய்க்கு விசுவாசமான சுரங்கப்படைப் பிரிவைப் பார்த்ததும் பனோவ் திரும்பி வெளியே வந்துவிட்டார். போகும் வழியில் நிக்கோலாயே குதிரையில் எதிரே வந்தார். யார் பக்கம் என்று கேட்க, கான்ஸ்டன்டீன் பக்கம் என்று கத்தினார்கள். அப்படியானால் உங்கள் வழி அந்தப் பக்கம் என்று சதுக்கத்தைக் காட்டி அனுப்பிவிட்டார் நிக்கோலாய். அவர் நின்ற இடம் கைக்கெட்டும் தூரம்தான். ஒருவரும் சுடவில்லை.

மணல்திட்டு:

பனோவ் விஷயம் இதுவரை தெரியாது. நன்றி. ஒரு சந்தேகம், அன்று தலைநகரின் கவர்னர் ஜெனரலைச் சுட்டுக் கொன்றார்கள் இல்லையா? அப்போது சுடவே தயங்கினார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இருப்புப்பாதை:

மிலராதவிச்சைச் சொல்கிறீர்கள். 1812 போரின் பெரிய வீரர், எத்தனையோ போர்க்களங்களில் நின்றும் உடம்பில் காயமே படாதவர் என்று பெயர் வாங்கியவர். அன்று சதுக்கத்தில் நின்ற சிப்பாய்கள் பலர் அவருக்குக் கீழே சண்டையிட்டவர்கள், அவர் பேச ஆரம்பித்ததும் மனம் கரைய ஆரம்பித்தார்கள். அதனால்தான் சங்கத்தைச் சேர்ந்த காகோவ்ஸ்கி கைத்துப்பாக்கியால் சுட்டார், ஒபலென்ஸ்கி துப்பாக்கி முனையில் செருகும் கத்தியால் குத்தினார். அன்றிரவே மிலராதவிச் இறந்துபோனார். உடம்பிலிருந்து எடுத்த குண்டைப் பார்த்துவிட்டு, இது சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு இல்லை என்று தெரிந்து ஆறுதல் பட்டாராம். சாகும் நேரத்தில் தன்னுடைய பண்ணையடிமைகளை விடுதலை செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அடிமைமுறையை ஒழிக்க வந்தவர்கள் சுட்டது, அன்றைக்கே தன் அடிமைகளை விடுவித்த ஒரு மனிதரை. எனக்கு இந்த இடம் எப்போதும் மனத்தைப் பிசையும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுட்டது இரண்டு மூன்று அதிகாரிகள். படையாக நகர்ந்து தாக்கவேண்டும் என்ற உத்தரவு கடைசி வரை யாரிடமிருந்தும் வரவில்லை. பொதிகைச்சாரல் கேட்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

பீரங்கி சுட்டதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சிப்பாய்கள் சிதறி உறைந்த நெவா ஆற்றின்மீது ஓடினார்கள். மிகயீல் பெஸ்துஷெவ் என்ற அதிகாரி அங்கேயும் அவர்களை அணிவகுக்க வைத்து, ஆற்றைக் கடந்து பீட்டர்-பால் கோட்டைக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். ஆற்றின்மீதே பீரங்கியைத் திருப்பினார்கள், பனிப்பாளம் உடைந்து ஆட்கள் மூழ்கினார்கள். செத்தவர்கள் 80 பேர் என்றது அரசுக் கணக்கு. ஆயிரத்துக்கு மேல் என்று சொல்லும் ஆவணமும் உண்டு, இன்று வரை தீராத தகராறு.

வெண்பிர்ச்:

எல்லோரும் சதுக்கத்திலேயே நிற்கிறீர்கள். டிசம்பரிஸ்டுகள் (டிசம்பரில் எழுந்ததால் இவர்களுக்கு வந்த பெயர்) ரஷ்யாவின் மனத்தில் இடம் பிடித்தது அந்த ஐந்து மணி நேரத்தால் இல்லை, அதற்கப்புறம் சைபீரியாவில் கழித்த முப்பது வருடத்தால்தான். அதிலும் பாதிப் பங்கு அவர்களைப் பின்தொடர்ந்து போன பெண்களுடையது.

விசாரணையில் 579 பேரைத் துருவினார்கள், 121 பேருக்குத் தண்டனை. பெஸ்டெல், ரிலேயெவ், செர்கேய் முராவியோவ்-அபோஸ்தல், பெஸ்துஷெவ்-ரியூமின், காகோவ்ஸ்கி ஐந்து பேருக்கும் தூக்கு. 1826 ஜூலை 13 விடியலில் பீட்டர்-பால் கோட்டையில் தூக்கிலிட்டபோது மூன்று பேருடைய கயிறு அறுந்து கீழே விழுந்தார்கள். அப்படி விழுந்தவனை மறுபடி தூக்கிலிடக் கூடாது என்பது ஜனங்களின் நம்பிக்கை. வேறு கயிறு கொண்டுவரச் சொல்லி மறுபடி தூக்கிலிட்டார்கள். உடல்களை ரகசியமாகப் புதைத்தார்கள், குடும்பத்தாருக்கு இடத்தைக்கூடச் சொல்லவில்லை.

மற்றவர்கள் சைபீரியாவுக்கு. த்ருபெத்ஸ்கோயின் மனைவி யெகத்தெரினா, கணவரைக் கொண்டுபோன மறுநாளே கிளம்பினார். இர்கூத்ஸ்க் கவர்னர் அவரை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பப் பார்த்தார். பிரபுக் குலத்து உரிமை எல்லாம் போகும், அங்கே பிறக்கும் பிள்ளைகள் அரசாங்க விவசாயிகளாகப் பதிவாவார்கள் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்து கேட்டார்கள், போட்டுவிட்டுப் போனார். இன்னொரு கைதி இளவரசர் வல்கோன்ஸ்கியின் மனைவி மரியா வல்கோன்ஸ்காயாவுக்கு அப்போது 21 வயது. 1812 போரின் தளபதி ரயேவ்ஸ்கியின் மகள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனார், இரண்டு வயது நிரம்பியதுமே அந்தக் குழந்தை இறந்தது, அவர் மறுபடி பார்க்கவே இல்லை. பிளகதாத்ஸ்க் சுரங்கத்தில், இருட்டறையில் கணவர் சங்கிலி குலுங்க எழுந்து வந்தபோது, முதலில் முழங்காலிட்டு அந்தச் சங்கிலியை முத்தமிட்டுவிட்டு அப்புறம்தான் கணவரைத் தழுவினேன் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பிறகு சிறையை பெத்ரோவ்ஸ்கி ஸவோத் என்ற இரும்பாலை ஊருக்கு மாற்றினார்கள், அங்கே கட்டிய புதிய சிறையில் ஜன்னலே இல்லை. பகலிலும் இருட்டு. கைதிகள் வீட்டுக்குக் கடிதம் எழுதத் தடை, ஆனால் மனைவிகள் எழுதலாம். இந்தப் பெண்கள் எழுதித் தள்ளினார்கள், அரண்மனை வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்து, சுவரில் ஜன்னல் வெட்டினார்கள். பின்னால் விடுதலையாகிக் குடியமர்ந்த ஊர்களிலும் டிசம்பரிஸ்டுகள் சும்மா இருக்கவில்லை, யாலுத்தரோவ்ஸ்கில் யகூஷ்கின் பெண் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்.

கல்தேர்:

வெண்பிர்ச் அக்கா எழுதியது அத்தனையும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பகுதி விட்டுப்போகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இளவரசர்கள் பெயர், இளவரசிகள் பெயர், அவர்கள் எழுதிய கடிதம் எல்லாம் நமக்குத் தெரிகிறது. அன்று நின்ற 3,000 சிப்பாய்கள் யார்?

அவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பங்களிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். உண்மையான அரசர் கான்ஸ்டன்டீன், அவரிடமிருந்து நிக்கோலாய் அரியணையைப் பறிக்கிறார் என்று சொல்லித்தான் சதுக்கத்துக்குக் கூட்டிவந்தார்கள். அடிமைமுறை ஒழிப்பு, அரசியல் சட்டம் எதுவும் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. பொய்யான காரணத்துக்காக நின்றார்கள், பீரங்கிக்கு முன்னால் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலரை ஒன்றாகச் சேர்த்து ஒரு தனிப் படைப்பிரிவாக்கிக் காக்கசஸ் போருக்கு அனுப்பினார்கள். மற்றவர்களில் சிலருக்குச் சவுக்கு வரிசை. இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் பிரம்பு கொடுத்து, நடுவில் நடத்திக்கொண்டு போவார்கள். ஆயிரம் பேர் வரிசையைப் பலமுறை கடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களுடைய மனைவிகள் பின்னால் போக எந்த வண்டியும் இல்லை, எழுத்தும் தெரியாது, அதனால் நினைவுக் குறிப்பும் இல்லை.

வெண்பிர்ச்:

கல்தேர், நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். தெற்கே உக்ரைனில் செர்னிகோவ் படைப்பிரிவு எழுந்ததே, அங்கே செர்கேய் முராவியோவ்-அபோஸ்தல் சிப்பாய்களிடம் உண்மையைச் சொல்ல முயன்றார். வசில்கோவ் ஊரில் கேள்வி-பதில் வடிவில், மத போதனை மாதிரியே எழுதிய ஒரு பிரசுரத்தைப் படைப்பிரிவின் பாதிரியார் எல்லோர் முன்னாலும் படித்தார். கடவுள் மனிதனைச் சுதந்திரமாகத்தான் படைத்தார், அரசர்கள் அதைப் பறித்துக்கொண்டார்கள் என்ற கருத்து அதில் வருகிறது. படித்ததற்காக அந்தப் பாதிரியாரின் பட்டத்தைப் பறித்தார்கள்.

கல்தேர்:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அது சிப்பாய்களிடம் எடுபடவில்லை என்று கண்டதும் அவரும் மறுபடி கான்ஸ்டன்டீன் பெயரையே பிடித்துக்கொண்டார். வருடக்கணக்காகச் சங்கம் நடத்திவிட்டு, எழுச்சி தொடங்கிய பிறகு ஒரு பிரசுரத்தைப் படித்தால் யாருக்குப் போய்ச் சேரும்? இருந்தாலும் முராவியோவைப் பற்றித் தவறாக எழுத எனக்கு மனசு வராது. 1826 ஜனவரி 3-இல் குதிரைப்படையும் பீரங்கியும் சுற்றி வளைத்தபோது சிப்பாய்களோடுதான் இருந்தார், தலையில் அடிபட்டுப் பிடிபட்டார். அவருடைய 19 வயதுத் தம்பி இப்பொலீத் அந்த இடத்திலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தான். த்ருபெத்ஸ்கோய் ஒளிந்ததையும் இதையும் ஒன்றாகச் சொல்ல முடியாது.

பழம்பெட்டி:

மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துத் தமிழ்ப் புத்தகங்கள் படித்து வளர்ந்த தலைமுறை நான். இந்த இழையில் யாரும் தொடாத ஒருவரைச் சேர்க்கிறேன். யாக்கவ் ரஸ்தோவ்த்செவ். எழுச்சிக்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 12-இல், நிக்கோலாயைப் பார்த்து ஒரு கடிதம் கொடுத்து எச்சரித்த 21 வயது அதிகாரி. யார் பெயரையும் சொல்லவில்லை. மறுநாள் ரிலேயெவிடமும் ஒபலென்ஸ்கியிடமும் போய், இப்படிச் செய்துவிட்டேன் என்று கடிதத்தின் நகலையும் காட்டினார். பிரமாண நேரத்தை விடியற்காலைக்கு முன்தள்ளும் அளவுக்கு நிக்கோலாய் உஷாராக இருந்தாரே, அதில் இந்தக் கடிதத்துக்கும் பங்கு உண்டு.

அதே ரஸ்தோவ்த்செவ் 1859-இல் பண்ணையடிமை ஒழிப்புச் சட்டத்தைத் தயாரித்த குழுக்களுக்குத் தலைவர் ஆனார். பண்ணையார்களின் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு, விவசாயிக்கு நிலத்தோடுதான் விடுதலை என்று நின்றவர். 1860 தொடக்கத்தில் இறந்துவிட்டார், 1861 சட்டத்தைப் பார்க்கவில்லை. சைபீரியாவிலிருந்து திரும்பிய ஒபலென்ஸ்கி அவரோடு விவசாயிகள் பிரச்சினை பற்றிக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். முப்பது வருடம் தண்டனை அனுபவித்தவரும் காட்டிக்கொடுத்தவரும்! அன்று சதுக்கத்தில் நின்றவர்கள் கேட்டதைக் கொண்டுவரும் வேலையில் பிற்பாடு ரஸ்தோவ்த்செவே உட்கார்ந்திருந்தார். இவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் முடியவில்லை.

இருப்புப்பாதை:

ஐயா, 1861 பற்றி அவ்வளவு நல்லவிதமாகச் சொல்ல வேண்டாம். விவசாயிக்கு நிலம் சும்மா கிடைக்கவில்லை. பணத்தின் பெரும்பகுதியை அரசாங்கம் பண்ணையாருக்குக் கொடுத்துவிட்டு, அதை வட்டியோடு 49 வருடத் தவணையில் விவசாயிகளிடம் வசூலித்தது. முன்னால் உழுத நிலத்தில் ஒரு பகுதியைப் பண்ணையார் வெட்டியெடுத்துக்கொண்டதும் பல இடங்களில் நடந்தது. உண்மையான விடுதலையை ஜார் கொடுத்துவிட்டார், பண்ணையார்கள் மறைக்கிறார்கள் என்று நம்பி 1861 ஏப்ரலில் கசான் பக்கம் பேஸ்த்னா கிராமத்தில் திரண்ட விவசாயிகளைப் படை சுட்டுத் தள்ளியது. தவணைப் பாக்கி 1905 புரட்சிக்குப் பயந்துதான் ரத்தானது, அதுவும் 1907 ஜனவரியிலிருந்து.

பழம்பெட்டி:

தம்பி, அதை நான் மறுக்கவே இல்லை. நிலமே இல்லாமல் வெறும் விடுதலை என்ற யோசனையும் அப்போது மேசையில் இருந்தது. பால்டிக் மாகாணங்களில் 1810-களில் அப்படித்தான் செய்தார்கள், விவசாயி பண்ணையாரின் கூலியாள் ஆனதுதான் மிச்சம். அதைத் தடுத்ததில் ரஸ்தோவ்த்செவுக்குப் பங்கு உண்டு என்பதுதான் நான் சொன்னது.

பொதிகைச்சாரல்:

நிலம் என்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள், இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்பிர்ச் சொன்ன அதே யகூஷ்கின், எழுச்சிக்கு ஆறேழு வருடம் முன்னாலேயே ஸ்மோலென்ஸ்க் பக்கத்துத் தன் பண்ணையில் அடிமைகளை விடுவிக்க முடிவு செய்து விவசாயிகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, நிலம் யாருக்கு? நிலம் என்னுடையதுதான், நீங்கள் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்படியானால் பழையபடியே இருக்கட்டும் ஐயா, நாங்கள் உங்களுடையவர்கள், நிலம் எங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். யகூஷ்கினே தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

கல்தேர் கேட்ட கேள்விக்கும் என்னுடைய முதல் கேள்விக்கும் இதில் பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். அந்த விவசாயிகளுக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது, ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். தலைநகரில் வடக்குச் சங்கம், உக்ரைனில் பெஸ்டெல் தலைமையில் தெற்குச் சங்கம் என்று இரண்டாக இருந்த சங்கத்துக்குள்ளேதான் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. நிகீத்தா முராவியோவ் எழுதிய அரசியல் சட்ட வரைவில் முதலில் விவசாயிக்கு நிலமே கிடையாது, பிறகு குடும்பத்துக்கு இரண்டு தெசியத்தீனா, ஏறக்குறைய ஐந்தரை ஏக்கர், என்று சேர்த்தார். பெஸ்டெல் நாட்டின் நிலத்தையே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எவரும் விற்க முடியாத பொது நிலமாக வைத்து, கேட்கும் எவருக்கும் உழுவதற்குக் கொடுக்கவேண்டும் என்றார். வடக்குச் சங்கத்துக்காரர்கள் பலருக்கு அந்தத் திட்டத்தைவிடப் பெஸ்டெல் மீதே பயம், இன்னொரு நெப்போலியன் ஆகிவிடுவார் என்று. இந்த லட்சணத்தில் டிசம்பர் 14 அன்று சிப்பாயிடம் போய் எந்தத் திட்டத்தைச் சொல்லியிருப்பார்கள்? கான்ஸ்டன்டீன் பெயரைச் சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது.

மணல்திட்டு:

பெஸ்டெல் அன்று சதுக்கத்தில் இருந்தாரா?

பொதிகைச்சாரல்:

இல்லை. தெற்கே துல்சின் என்ற ஊரில் முந்தைய நாளே, டிசம்பர் 13-இல், பிடித்துவிட்டார்கள். அவருடைய திட்டத்தின் கையெழுத்துப் பிரதியை நண்பர்கள் மண்ணில் புதைத்து வைத்தார்கள், விசாரணைக் குழு அதையும் தோண்டி எடுத்தது. அந்தத் திட்டத்தில் தூக்கிப் பிடிக்கவேண்டியதும் இருக்கிறது, யூதர்களையும் காக்கசஸ் மலைவாசிகளையும் பற்றி அவர் எழுதியதுபோல வன்மையாகக் கண்டிக்கவேண்டியதும் இருக்கிறது. இந்த இழையிலேயே அதை இழுத்தால் நீண்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை தனி இழை போடுகிறேன், கல்தேர் அவசியம் வரவேண்டும்.